பிஸிபாக்ஸ் போர்டில் நம் புரோகிராம் தானாகக் கிளம்ப என்ன செய்ய வேண்டும்?

பில்ட்ரூட்டில் (சிறு போர்டுகளுக்கு லினக்ஸ் கட்டித் தரும் கருவி) லினக்ஸ் இமேஜ் தயாரித்து போர்டில் ஏற்றியாயிற்று. அதில் பிஸிபாக்ஸ் (அடிப்படைக் கட்டளைகளை ஒரே ஃபைலில் அடக்கிய புரோகிராம்) இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்க்கும் 'டேங்க்' என்ற புரோகிராமும் கையால் ஓட்டினால் ஓடுகிறது. கரண்ட் போய் வந்தாலும் அது தானே கிளம்ப வேண்டும். கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

படி 1: போர்டில் எந்த இனிட் (கெர்னல் முதலில் ஓட்டும் புரோகிராம்) இருக்கிறது?

சீரியல் கன்சோலில் 'எல்எஸ் -எல் /எஸ்பின்/இனிட்' என்று கொடுங்கள். லிங்க் பிஸிபாக்ஸுக்குப் போனால் தொடர்ந்து படியுங்கள். சிஸ்டம்டி (இன்னொரு வகை இனிட்) என்றால் யூனிட் ஃபைல் எழுத வேண்டும், அது தனிக்கதை.

படி 2: ஸ்கிரிப்ட்

கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எழுந்ததும் இனிட்டை ஓட்டும். இனிட் '/இடிசி/இனிட்டேப்' ஃபைலைப் படித்து ஆர்சிஎஸ் என்ற ஸ்கிரிப்டைக் கூப்பிடும். அது '/இடிசி/இனிட்.டி' ஃபோல்டரில் பெரிய எஸ்ஸில் தொடங்கும் ஃபைல்களை எண் வரிசையில் ஓட்டும். நெட்வொர்க்குக்கு வழக்கமாக எஸ்40, நமக்கு 'எஸ்99டேங்க்' என்று வைப்போம்:

#!/பின்/எஸ்ஹெச்
கேஸ் "$1" இன்
ஸ்டார்ட்) /யுஎஸ்ஆர்/பின்/டேங்க் & ;;
ஸ்டாப்) கில்ஆல் டேங்க் ;;
எசாக்

கடைசி வரி, கேஸ் என்பதன் எழுத்துகளைத் திருப்பிப் போட்டது. இந்த ஃபைலுக்கு 'சிஹெச்மாட் +எக்ஸ்' (ஓட்டும் அனுமதி) கொடுக்க மறக்காதீர்கள். ஃபைல் கண்ணெதிரே இருந்தும் 'நாட் ஃபவுண்ட்' என்று வந்தால், விண்டோஸ் எடிட்டர் வரி முடிவில் சேர்த்த எழுத்தைச் சந்தேகியுங்கள்.

அந்த & குறி (பின்னணியில் ஓட்டு என்பது) முக்கியம். ஆர்சிஎஸ் ஒவ்வொரு ஸ்கிரிப்டும் முடியும்வரை காத்திருக்கும். நம் புரோகிராமோ முடிவில்லாத லூப். குறியை விட்டுவிட்டால் லாகின் பிராம்ப்டே வராது. அப்படி மாட்டிக்கொண்டால் யூபூட்டில் (கெர்னலை ஏற்றும் பூட்லோடர்) பூட்ஆர்க்ஸோடு (கெர்னலுக்குக் கொடுக்கும் குறிப்புகள்) 'இனிட்=/பின்/எஸ்ஹெச்' சேர்த்துப் பூட் செய்யுங்கள். ஷெல் வந்ததும் 'மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /' (ஃபைல்களில் எழுத வழி செய்வது) கொடுத்துவிட்டு ஸ்கிரிப்டைத் திருத்தலாம்.

படி 3: செத்தால் யார் எழுப்புவது?

ஸ்கிரிப்ட் ஒருமுறை கிளப்பிவிடுவதோடு சரி. நடுராத்திரியில் புரோகிராம் கிராஷ் ஆனால் கேட்க ஆளில்லை. ஆள் போகாத இடத்தில் இருக்கும் போர்டுக்கு நான் இனிட்டேபைத்தான் சொல்வேன். எஸ்99டேங்கை அழித்துவிட்டு இனிட்டேபில் இந்த ஒரு வரி சேர்த்தால் போதும்:

::ரீஸ்பான்:/யுஎஸ்ஆர்/பின்/டேங்க்

ரீஸ்பான் என்றால், செத்தால் மறுபடி கிளப்பு என்று பொருள். இங்கே & கூடாது. புரோகிராமும் தானாகப் பின்னணிக்குப் போகக் கூடாது. போனால், செத்துவிட்டது என்று நினைத்து இனிட் இன்னொன்றைக் கிளப்பும். கொஞ்ச நேரத்தில் பிஎஸ் கட்டளை காட்டும், ஓடும் புரோகிராம்களின் பட்டியல் முழுக்க டேங்க்தான்.

இந்த வரி எஸ் ஸ்கிரிப்டுகள் முடிந்த பிறகே ஓடும். ஆனாலும் அதற்குள் ஐபி (நெட்வொர்க் முகவரி) கிடைத்திருக்கும் என்று நம்ப முடியாது. டேங்க் ஏதாவது சர்வரோடு பேசுவதாக இருந்தால், சர்வர் எடுக்காவிட்டால் திரும்ப முயல்வதைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதிவிடுங்கள்.

படி 4: இமேஜுக்குள் சேர்த்தல்

போர்டில் செய்த திருத்தம் அடுத்த ஃபிளாஷில் போய்விடும். பில்ட்ரூட்டின் மெனுகான்ஃபிக்கில் (அமைப்பு மெனு) சிஸ்டம் கான்ஃபிகரேஷனுக்குள் ரூட் ஃபைல்சிஸ்டம் ஓவர்லே ஃபோல்டரை (இமேஜுக்குள் அப்படியே நகலாகும் ஃபோல்டர்) காட்டி, அதனுள் 'இடிசி/இனிட்டேப்', 'யுஎஸ்ஆர்/பின்/டேங்க்' இரண்டையும் வையுங்கள். இனிட்டேபைப் புதிதாக எழுத வேண்டாம், போர்டில் இருப்பதை நகலெடுத்து நம் வரியைச் சேர்த்தால் போதும்.

புது இமேஜை ஏற்றி, பவரைப் பிடுங்கிச் சொருகி, பிஎஸ் பாருங்கள். பிறகு 'கில்ஆல் டேங்க்' கொடுத்து மறுபடி பாருங்கள். புது பிஐடியோடு (ஓடும் புரோகிராமின் எண்) டேங்க் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.