நாய்க்கு வயிறு கெட்டுப்போச்சா? வீட்ல என்ன பண்ணலாம், எப்போ டாக்டர்கிட்ட ஓடணும்

நாய் வாந்தி எடுக்குது, லூஸ் மோஷன் போகுதுன்னா எல்லாரும் முதல்ல கேக்குறது "என்ன குடுக்கலாம்"னுதான். அதுக்கு முன்னாடி இது வீட்ல வச்சு பாத்துக்கற அளவுல இருக்கா இல்லையான்னு முடிவு பண்ணிடுங்க, அஞ்சு நிமிஷ வேலைதான், ஆனா உயிரைக் காப்பாத்துறது அந்த அஞ்சு நிமிஷம்தான்.

குட்டியா இருந்து, தடுப்பூசி எல்லாம் முழுசா போட்டு முடிக்காம, வாந்தியும் பேதியும் சேர்ந்து வந்தா வீட்டு வைத்தியமே வேணாம். பார்வோங்கற வைரஸ் நோயா இருக்கலாம், அதுல குட்டிங்க ஒண்ணு ரெண்டு நாள்லயே மோசமாயிடும். ஜெர்மன் ஷெப்பர்டு, டாபர்மேன், கிரேட் டேன் மாதிரி நெஞ்சுக்கூடு ஆழமா உள்ள பெரிய நாய், வயிறு உப்பிக்கிட்டு ஓங்கரிச்சு ஓங்கரிச்சு ஒண்ணுமே வெளிய வரலன்னா இரைப்பை திருகியிருக்க வாய்ப்பு இருக்கு, ஆபரேஷன் வரைக்கும் போற விஷயம், நடுராத்திரியா இருந்தாலும் கிளம்பிடுங்க. வாந்தியில ரத்தம், மோஷன்ல ரத்தம், தார் மாதிரி கருப்பா மோஷன், குடிச்ச தண்ணி கூட உள்ள நிக்காம திரும்பத் திரும்ப வாந்தி, எழுந்திருக்கவே முடியாத சோர்வு, இதுல எது இருந்தாலும் அதேதான். எலி மருந்து, சாக்லேட், திராட்சை சாப்பிட்டிருக்குன்னு சந்தேகம் வந்தாலும் காத்திருக்காதீங்க. கேசரி, பாயசத்துல போடற உலர்ந்த திராட்சையும் நாய்க்கு கிட்னியை கெடுக்கும், நம்ம வீடுகள்ல இதை யாரும் யோசிக்கறதே இல்ல. உப்புத் தண்ணி ஊத்தி வாந்தி எடுக்க வைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், அந்த உப்பே விஷமாகும்.

இதெல்லாம் இல்ல, வளர்ந்த நாய், ஒண்ணு ரெண்டு தடவை வாந்தி, கொஞ்சம் இளகலா மோஷன், ஆனா வாலாட்டுது, கூப்பிட்டா வருதுன்னா வீட்ல பாக்கலாம். முதல்ல மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்க. ரோஸ் கலர்ல ஈரமா இருக்கணும். விரலால அழுத்தி எடுத்தா வெளுத்து ரெண்டு செகண்டுக்குள்ள பழைய கலர் வரணும். தொட்டா பிசுபிசுன்னு ஒட்டுது, காஞ்சிருக்குன்னா உடம்புல தண்ணி குறைஞ்சிருக்கு. நம்ம நாட்டு நாய்ங்களுக்கு நிறைய பேருக்கு ஈறு கருப்பாத்தான் இருக்கும், அதுல ஒண்ணும் தெரியாது, அப்போ கீழ் இமையை லேசா இழுத்து உள்பக்கம் பாருங்க, வெளுத்துப் போயிருந்தா டாக்டர்கிட்ட போங்க. காய்ச்சல் பாக்க டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ணு நாய்க்குன்னே தனியா வச்சுக்கங்க, நுனியில தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாய்ல வச்சுப் பாக்கணும். 101-லேர்ந்து 102.5 டிகிரி பாரன்ஹீட் நாய்க்கு நார்மல், நம்ம கணக்குல அது காய்ச்சலாத் தெரியும், பயந்துடாதீங்க. 103 தாண்டினாதான் போன் பண்ணணும்.

அடுத்தது வயித்துக்கு ரெஸ்ட். வாந்தி எடுத்த வளர்ந்த நாய்க்கு ஒரு 6-லேர்ந்து 12 மணி நேரம் சாப்பாடு வேண்டாம். நம்ம வீடுகள்ல இதுதான் கஷ்டம், பாட்டி ஒரு பக்கம் "பாவம் பட்டினி கிடக்குது"ன்னு பிஸ்கெட்டை நீட்டுவாங்க, அம்மா ஒரு பக்கம் பால் காய்ச்சுவாங்க, பாசம்தான், ஆனா அந்த பிஸ்கெட்டும் பாலும்தான் திரும்ப வாந்தியா வரும். வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க, வேலைக்கு வர்ற அக்காகிட்டயும், அபார்ட்மென்ட் செக்யூரிட்டி அண்ணாகிட்டயும் கூட. ஆனா குட்டிங்க, ரொம்பச் சின்ன ஜாதி நாய்ங்க, சுகர் இருக்கற நாய்ங்க, இதுங்களை பட்டினி போடவே கூடாது, சுகர் இறங்கிடும், டாக்டர்கிட்ட கேட்டுட்டு செய்யுங்க.

தண்ணியை நிறுத்தாதீங்க, ஆனா கிண்ணம் நிறைய வச்சா மடமடன்னு குடிச்சு அப்படியே கக்கிடும். அரை மணிக்கு ஒரு தடவை ரெண்டு மூணு ஸ்பூன், இல்லன்னா நக்கறதுக்கு ஒரு ஐஸ் கட்டி. பெங்களூர்ல போர் தண்ணி, டேங்கர் தண்ணின்னு மாறி மாறி வர்ற ஏரியாவா இருந்தா நீங்க குடிக்கற ஃபில்டர் தண்ணியையே குடுங்க. ஓஆர்எஸ் எவ்ளோ குடுக்கலாம்னு உங்க டாக்டர்கிட்ட போன்லயே கேட்டுக்கலாம், நாயோட எடையைச் சொன்னா போதும்.

வாந்தி நின்னப்புறம் சாப்பாடு. பச்சரிசியை நல்லா குழைய வேக வச்சு, தோலும் எலும்பும் இல்லாத சிக்கனை வெறும் தண்ணில வேக வச்சு பிச்சுப் போட்டு, ரெண்டு பங்கு சாதத்துக்கு ஒரு பங்கு சிக்கன். உப்பு, மஞ்சள், எண்ணெய், வெங்காயம், பூண்டு எதுவும் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் ரத்த அணுக்களையே அழிக்கும், அதனால ரசத்தையோ சூப்பையோ ஊத்திப் பிசையாதீங்க. சைவ வீடுன்னா சிக்கனுக்கு பதிலா கொஞ்சம் கொழுப்பு கம்மியான பனீர், முட்டை ஓகேன்னா வேக வச்ச வெள்ளைக்கரு. மஞ்சள் பூசணி வேக வச்சு ஒரு ஸ்பூன் மசிச்சுப் போட்டா மோஷன் இறுகும். தயிர் சாதம் பல வீட்ல முதல் மருந்து, தாளிக்காம உப்பில்லாம கொஞ்சம் குடுக்கலாம், ஆனா பால் சாமான் ஒத்துக்காத நாய்ங்களும் இருக்கு, முன்னாடி தயிர் சாப்பிட்டு பழகாத நாய்க்கு இப்போ ஆரம்பிக்காதீங்க. முதல் வாய் ரெண்டு மூணு ஸ்பூன் போதும், ரெண்டு மணி நேரம் பாருங்க, உள்ள நின்னா திரும்ப கொஞ்சம், இப்படி ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை.

நம்ம மாத்திரை டப்பாவைத் திறக்கவே கூடாது. பாராசிட்டமால், ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் இதெல்லாம் நாயோட கல்லீரலையும் கிட்னியையும் இரைப்பையையும் பதம் பாக்கும். பேதியை நிறுத்துற லோபரமைடும் டாக்டர் சொல்லாம வேண்டாம், கோலி வகை நாய்ங்க சிலதுக்கு அது மூளைக்கே போயிடும்.

மழைக்காலத்துல ரோட்டுல தேங்கின தண்ணியைக் குடிச்ச நாய்க்கு காய்ச்சலோட வாந்தி, கண்ணு மஞ்சள்னா எலிக் காய்ச்சலா இருக்கலாம், அது நமக்கும் தொத்தும், க்ளவுஸ் போட்டுத்தான் சுத்தம் பண்ணணும். உண்ணி நிறைய இருந்து சாப்பிடாம சோர்ந்து கிடந்தா உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்த டெஸ்ட் கேளுங்க. ஞாயித்துக்கிழமை பிரியாணி எலும்பைத் தின்னுட்டு முன்னங்காலை நீட்டி பின்பக்கத்தைத் தூக்கிக்கிட்டே நிக்குதுன்னா வயித்து வலி அதிகம்னு அர்த்தம், வெந்த எலும்பு கூரா உடையும், எண்ணெய் சோறு கணையத்தை வீங்க வைக்கும், ரெண்டுக்குமே டாக்டர் பாக்கணும்.

24 மணி நேரத்துல தேறலன்னாலும் போங்க. பெங்களூர்ல ஹெப்பால் வெட்னரி காலேஜ் ஆஸ்பத்திரி நல்ல இடம்தான், ஆனா சாயங்கால டிராஃபிக்ல சில்க் போர்டு பக்கத்துலேர்ந்து அங்க போய்ச் சேர்றதை யோசிச்சுப் பாருங்க, அதனால வீட்டுக்குப் பக்கத்துல ராத்திரியும் திறந்திருக்கற கிளினிக் நம்பர் ஒண்ணை இன்னிக்கே போன்ல போட்டு வைங்க.

மோஷன் ரெண்டு நாள் கெட்டியா வந்தப்புறம் பழைய சாப்பாட்டை ஒரேயடியா போடாம, கால் பங்கு, அரை பங்குன்னு நாலஞ்சு நாள்ல மாத்துங்க. திரும்பத் திரும்ப பேதி வருதுன்னா அன்னிக்குப் போன மோஷனை ஒரு சுத்தமான டப்பாவுல எடுத்துக்கிட்டு சில மணி நேரத்துக்குள்ள கிளினிக்ல குடுங்க, புழுவா, ஜியார்டியாங்கற குடல் ஒட்டுண்ணியான்னு மைக்ராஸ்கோப்ல பாத்து சொல்லுவாங்க, கடைசியா பூச்சி மருந்து எப்போ குடுத்தீங்கங்கற தேதியையும் எழுதிட்டுப் போங்க.