கிறிஸ்தவ செவிலியர் பள்ளிக்குக் கொள்கையும் குறிக்கோள்களும் எழுதும் முறை

கண்ணியம், நேர்மை போன்ற ஒவ்வொரு விழுமியமும் நோயாளியின் கட்டிலருகே கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு செயலாக இருக்க வேண்டும். கொள்கை எழுத உட்காரும் குழு முதலில் ஒத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். பார்க்க முடியாததை மதிப்பிட முடியாது. மதிப்பிடப்படாத விழுமியம் வரவேற்பறைச் சுவரில் சட்டத்துக்குள் தொங்குவதோடு சரி.

குழுவுக்கு ஏழு பேர் போதும்: முதல்வர், ஆசிரியர்கள் இருவர், நர்சிங் கண்காணிப்பாளர், வார்டு சிஸ்டர் (வார்டுக்குப் பொறுப்பான செவிலியர்), மருத்துவமனைப் போதகர், இறுதியாண்டு மாணவி. வார்டு சிஸ்டரை விட்டுவிட்டு எழுதும் பள்ளிகள்தான் அதிகம் சறுக்குகின்றன. நாற்பது நோயாளிக்கு இரண்டு நர்சுகள் இருக்கும் இரவு ஷிப்டில் எது நடக்கும், எது நடக்காது என்பது அவருக்குத்தான் தெரியும்.

அடுத்து, கொள்கையையும் குறிக்கோளையும் தனித்தனியாக வையுங்கள். கொள்கை என்பது பள்ளி எதை நம்புகிறது என்பது. ஒரு பக்கத்துக்குள் முடியட்டும். மனிதர், உடல்நலம், சூழல், செவிலியம் ஆகிய நான்கைப் பற்றிய நம்பிக்கையோடு, மாணவர் எப்படிக் கற்கிறார் என்பதையும் சேர்த்து ஐந்து பத்திகள் எழுதினால் போதும். மனிதர் தேவசாயலில் படைக்கப்பட்டவர் (ஆதியாகமம் 1:27) என்பதே கிறிஸ்தவப் பள்ளியின் அடித்தளம். அந்த வசனத்தோடு நின்றுவிடாமல் அடுத்த வாக்கியத்தையும் எழுதுங்கள்: ஆகவே நினைவிழந்தவர், மனநோயாளி, கைதி, கட்டணம் கட்ட முடியாதவர் எவரானாலும் கவனிப்பின் தரம் மாறாது. ‘ஆகவே’ என்று தொடர முடியாத வசனம் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை.

மாணவி என்ன செய்து காட்ட வேண்டும் என்று சொல்லும் குறிக்கோள்தான் கடினமான பகுதி. ‘மாணவி நோயாளியை அன்போடும் கண்ணியத்தோடும் கவனிப்பார்’ என்று எழுதினால், இரண்டு ஆசிரியர்கள் ஒரே மாணவிக்கு இரண்டு விதமாக மதிப்பெண் போடுவார்கள். செயல், சூழ்நிலை, அளவுகோல் மூன்றும் வாக்கியத்தில் வர வேண்டும். படுக்கையிலேயே குளிப்பாட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்குமுன் பெயர் சொல்லி அழைத்து, செய்யப்போவதை விளக்கி, சம்மதம் பெறுகிறாரா? திரையை முழுவதும் இழுத்து மூடுகிறாரா? கழுவும் பகுதியை மட்டும் திறந்து, மற்றதைப் போர்வையால் மூடி வைக்கிறாரா? தண்ணீர் ஆறினாலோ சோப்பால் கலங்கினாலோ மாற்றுகிறாரா? அந்தரங்கப் பகுதியைத் தாமே கழுவ முடிகிறவரிடம் துணியைக் கொடுக்கிறாரா? நோயாளிக்கு நினைவில்லாதபோதும் இவற்றில் இயன்றவை அத்தனையும் நடக்கின்றனவா? கண்ணியம் என்ற சொல் ஆறு கேள்விகளாகிவிட்டது. ஆம், இல்லை என்று குறித்துவிடலாம். கடைசிக் கேள்விக்கு மற்றவற்றைவிடக் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள். நன்றி சொல்ல முடியாதவரிடம் காட்டும் கவனிப்பில்தான் மாணவியின் மனம் தெரியும்.

நேர்மைக்கும் இதே முறைதான். செய்ததை மட்டும், செய்த நேரத்தோடு சார்ட்டில் எழுதுவது. எடுக்காத ரத்த அழுத்தத்தை முந்தைய அளவைப் பார்த்து நிரப்பாமல் இருப்பது. மருந்து கொடுப்பதில் தவறு நடந்தால் நோயாளியைப் பார்த்துவிட்டு உடனே பொறுப்பாளரிடம் சொல்வது. ஆனால், தவறைச் சொன்ன மாணவியை எல்லார் முன்னாலும் திட்டி, அபராதமும் போட்டால், அடுத்தவர் மறைக்கத்தான் செய்வார். ஆகவே, தானாக முன்வந்து சொன்ன தவறை எப்படிக் கையாள்வது என்ற விதியைக் குறிக்கோளோடு சேர்த்தே எழுதுங்கள். எந்தப் படியில் தவறு நடந்தது என்று முதலில் ஆராய வேண்டும். பயிற்சியை மீண்டும் கொடுக்க வேண்டும். தண்டனை அலட்சியத்துக்கும் மறைத்தலுக்கும் மட்டுமே.

ஜெபத்தைப் பற்றி மழுப்பாமல் எழுதுவது மிக முக்கியம். கிறிஸ்தவப் பள்ளி காலை ஆராதனை நடத்துவதும், மாணவிகள் ஜெபிப்பதும் இயல்பு. நோயாளியோ வேறு நிலையில் இருக்கிறார்: ஊசிக்கும் தண்ணீருக்கும் நம்மையே நம்பிப் படுத்திருக்கிறார், ‘வேண்டாம்’ என்று சொல்லப் பயப்படுவார். எனவே ஜெபம் நோயாளி கேட்டால், அல்லது ஒரே ஒரு முறை கேட்டு அவர் மனமார விரும்பினால் மட்டும். வேறு மதத்தவர் தம் மதகுருவை அழைக்கச் சொன்னால் அதை ஏற்பாடு செய்வதும் மாணவியின் கடமை. லூக்கா 10-இல் இயேசு சொல்லும் உவமையில், கள்ளர் கையில் அடிபட்டு வழியில் கிடந்த ஒருவனைக் கண்ட சமாரியன் அவன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, இரண்டு பணமும் கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்கிறான். அடிபட்டவனின் நம்பிக்கை என்னவென்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதேபோல ஆராதனைக்கு வந்தாரா என்பதை மாணவியின் வார்டு மதிப்பெண்ணில் கலக்காதீர்கள். பிற மத மாணவிகளுக்கு எது கட்டாயம், எது விருப்பம் என்பதைச் சேர்க்கை நாளிலேயே எழுத்தில் கொடுங்கள்.

விழுமியங்கள் ஐந்துக்கு மேல் வேண்டாம். பன்னிரண்டு எழுதினால் ஆசிரியர்களுக்கே நினைவிருக்காது. எழுதி முடித்ததும் ஒரு அட்டவணை போடுங்கள்: இடப்பக்கம் விழுமியம், மேலே படிப்பின் ஆண்டுகள், கட்டத்துக்குள் எந்தப் பாடத்தில், எந்த வார்டில், எந்தச் செக்லிஸ்ட்டில் அது வருகிறது என்பது. காலியாக நிற்கும் கட்டங்களைப் பாருங்கள். பெரும்பாலும் முதலாண்டு நிரம்பியிருக்கும், இறுதியாண்டு வெறுமையாக இருக்கும். அங்கே இறக்கும் தறுவாயில் இருப்பவரைக் கவனித்தல், இளைய மாணவியைத் திருத்தும் விதம், மருத்துவரின் உத்தரவில் சந்தேகம் வந்தால் துணிந்து கேட்பது போன்றவற்றைச் சேர்க்கலாம்.

வரைவை இரண்டு வார்டுகளில் ஒரு மாதம் பயன்படுத்திப் பாருங்கள். ஒரே மாணவியை இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியாக மதிப்பிடட்டும். எந்த வரியில் இருவரும் அடிக்கடி மாறுபடுகிறார்களோ, அந்த வரியைத்தான் திரும்ப எழுத வேண்டும்.