ஷோபினின் பிரெலூட் ஒன்றை நான்கு சாக்ஸபோனுக்கு அரேஞ்ச் செய்வது எப்படி?

இசையமைப்பாளர் ஷோபின் பியானோவுக்கு எழுதிய இ மைனர் பிரெலூட் என்ற சிறு உருப்படி (ஓபஸ் 28, எண் 4) 1839-இல் வெளிவந்தது. சாக்ஸபோனுக்குக் காப்புரிமை கிடைத்ததே 1846-இல்தான். ஆனாலும் அளந்து தைத்த சட்டைபோல் பொருந்தும்: 25 பார், வலது கையில் ஒற்றை மெலடி, இடது கையில் பெரும்பாலும் மூன்று நோட் கார்டு. கூட்டினால் நான்கு குரல்.

1. முதலில் சுருதி. உருப்படி முழுவதையும் ஒரு செமிடோன் ஏற்றி எஃப் மைனரில் எழுதுங்கள். நான்கு சாக்ஸபோன்கள் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேரிடோன்; இவற்றுக்கு எழுதும் நோட்டும் ஒலிக்கும் நோட்டும் வேறு (கணக்கு 3-இல்). இ மைனரிலேயே விட்டால் சோப்ரானோ, டெனருக்கு 3 ஷார்ப், ஆல்டோ, பேரிடோனுக்கு 4 ஷார்ப் வரும். ஏற்றினால் முறையே 2 ஃப்ளாட், 1 ஃப்ளாட். இன்னொரு லாபமும் உண்டு. சோப்ரானோவின் தொடக்க நோட் கீழ் சி ஷார்ப்பிலிருந்து டி-க்கு வந்துவிடும். கீழ் சி ஷார்ப்பை மெதுவாக ஊதித் தொடங்கினால் சத்தம் பிய்த்துக்கொண்டு வரும்.

2. மெலடி சோப்ரானோவுக்கு. கார்டின் மேல் நோட் ஆல்டோ, நடு நோட் டெனர், கீழ் நோட் பேரிடோன்.

3. எழுதும் நோட் ஒலிப்பதைவிட சோப்ரானோவுக்கு மேஜர் செகண்ட் மேலே, ஆல்டோவுக்கு மேஜர் சிக்ஸ்த் மேலே. டெனர், பேரிடோனுக்கு இவற்றோடு ஒரு ஸ்தாயி கூடுதல். நால்வருக்கும் ட்ரெபிள் கிளெஃப்தான்; பேரிடோனுக்கு பேஸ் கிளெஃப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. மியூஸ்ஸ்கோர் என்ற இசை எழுதும் மென்பொருளில் கான்சர்ட் பிட்சில் (உண்மையில் ஒலிக்கும் சுருதியில்) எழுதி முடித்துவிட்டு மாற்றினால் கணக்குப் பிழை வராது.

4. கடினமான இடம் இதுதான். பியானோவில் தட்டிய ஒலி தானே தேயும், பெடல் அதை ஒட்டும். சாக்ஸபோன் ஒலி தேயாது. மூன்று பேரும் பாரின் எட்டு எய்த் நோட்டையும் டங் செய்தால் (நாக்கால் தனித்தனியாகத் தட்டி ஊதினால்) சம்மட்டி அடிதான் கேட்கும், மெலடி அமுங்கிப்போகும். இந்த பிரெலூடின் உயிரே கார்டுக்குள் ஒவ்வொரு குரலாகச் சறுக்கி இறங்குவதில் இருக்கிறது. அதனால் மாறாத குரல்களுக்கு நீண்ட நோட்டாக எழுதுங்கள். துடிப்பை ஒருவர் மட்டும் மென்மையான டங்கில் காக்கட்டும். அந்த வேலையைச் சில பாருக்கு ஒருமுறை கைமாற்றுங்கள். மெலடிக்கு p (மென்மை) என்றால் மற்ற மூவருக்கும் pp (மிக மென்மை).

5. மூச்சு இடங்களைக் குறியுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் மூச்செடுத்தால் கார்டில் ஓட்டை விழும்.

6. கடைசி மூன்று கார்டுகளில் நான்குக்கு மேல் நோட் இருக்கும். இரட்டித்தவற்றை நீக்குங்கள், தேர்டை (கார்டு மேஜரா மைனரா என்று காட்டும் நோட்டை) விடாதீர்கள். பேரிடோனின் அடிமட்டம், லோ ஏ கீ இருந்தால் கான்சர்ட் சி 2, இல்லாவிட்டால் டி ஃப்ளாட் 2. அதற்குக் கீழே போவதை ஒரு ஸ்தாயி ஏற்றுங்கள். அந்தக் கடைசிக் கார்டுகளுக்கு முன் வரும் ஃபெர்மாட்டா (விருப்பம்போல் நீட்டும்) மௌனத்தில் யார் சைகை கொடுத்துத் தொடங்குவது என்பதையும் நான்கு பார்ட்டிலும் எழுதிவிடுங்கள்.