ஓலைப்பெட்டி, படகு, பலகை, பாலம்: டிஜிட்டல் கலை வகுப்பின் முதல் பணிகளைச் செய்யும் முறை

டிஜிட்டல் கலையையும் வடிவமைப்பையும் முதன்முதலாகப் படிக்க வரும் மாணவர்களுக்கு மென்பொருளைவிடப் பெரிய சிக்கலாக இருப்பது எதை வரைவது என்பதுதான். முதல் வாரத்திலேயே இணையத்தில் தேடி, யாரோ எடுத்த பனிமலைப் படத்தை இறக்கி, அதன்மேல் பளபளக்கும் எழுத்தை ஏற்றிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். தேவிபட்டினத்திலிருந்தும் மண்டபத்திலிருந்தும் பேருந்து ஏறி வருகிற பிள்ளைக்குப் பனிமலை எதற்கு என்று கேட்டால் பதில் வராது. இராமநாதபுரம் கடற்கரையை ஒட்டிய வகுப்புகளில் நான் கொடுத்துவரும் ஐந்து பணிகளையும், அவற்றை மாணவர்கள் எவ்வாறு செய்து முடிக்கலாம் என்பதையும் இங்கே எழுதுகிறேன். ஒவ்வொரு பணியும் கரையில் கைக்கெட்டும் ஏதேனும் ஒன்றிலிருந்து தொடங்கும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு பாடத்தை மட்டும் சோதிக்கும். ஐந்து பாடங்களை ஒரே பணியில் அடைத்தால் மாணவர் எதில் தவறினார் என்பது அவருக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது.

மென்பொருளைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. தூரிகை வேலைக்குக் கிரிட்டா, ஒளிப்படத்துக்கு ஜிம்ப், கோட்டு வடிவங்களுக்கு இங்க்ஸ்கேப் ஆகிய மூன்றும் இலவசமானவை. காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளின் திருட்டுப் பிரதியைத் தேடி வைரஸை வாங்கிக்கொள்ள வேண்டாம். அரசு கொடுத்த பழைய மடிக்கணினியில் கிரிட்டா திணறினால் ஜிம்ப்பிலேயே வரையலாம். எந்தப் பணியானாலும் முதல் வரைவு பென்சிலில் இருக்க வேண்டும் என்பது மட்டும் என்னிடம் தளராத விதி. இராமேசுவரம் கோயிலுக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது என்பதால், மூன்றாம் பிரகாரத்துத் தூண்கள் தொலைவில் ஒரே புள்ளியில் போய்க் கூடுவதைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து நினைவிலிருந்து வரையச் சொல்வேன். படம் எடுக்க வழியில்லாத இடத்தில்தான் கண் உழைக்கிறது.

முதல் பணி நிறம். பாம்பன் தீவின் இருபுறக் கடலையும் இங்குள்ளவர்கள் பெண்கடல், ஆண்கடல் என்று பிரித்துச் சொல்வார்கள். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல். ஒரே நாளில், ஏறத்தாழ ஒரே நேரத்தில், பாம்பனின் வடகரையில் ஒரு படமும் குந்துகாலில் ஒரு படமும் எடுங்கள். கைபேசியின் வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விடாமல் ஒரே அளவில் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் கைபேசி தன் விருப்பப்படி நீலத்தைக் கூட்டிவிடும், நீங்கள் ஒப்பிடுவது கடலை அல்ல, கைபேசியின் கணக்கை. பிறகு ஜிம்ப்பில் நிறம் எடுக்கும் கருவியால் ஒவ்வொரு படத்திலிருந்தும் ஐந்து நிறங்களை எடுத்து, அவற்றின் சிவப்பு, பச்சை, நீல எண்களைப் பக்கத்தில் எழுதி, சதுரங்களாக அடுக்குங்கள். ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை போகும் என்பதால், திரையில் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறங்கள் உண்டு. அவற்றுள் மாணவர்கள் மனத்தில் வைத்திருக்கும் ‘கடல் நீலம்’ அந்தப் பத்துச் சதுரங்களிலும் பெரும்பாலும் இருக்காது. சாம்பலும் பச்சையும் மணலின் வெளிறிய மஞ்சளுமே வரும். இந்தப் பத்து நிறங்களை மட்டும் கொண்டுதான் மற்ற நான்கு பணிகளையும் செய்ய வேண்டும் என்பது என் ஏற்பாடு. தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்துக்குப் பின்னால் சூரியன் மறையும் படத்தை மட்டும் நான் ஏற்றுக்கொள்வதில்லை. 1964ஆம் ஆண்டுப் புயல் விட்டுவைத்த அந்தச் சுவர் எல்லோருடைய கைபேசியிலும் ஒரே கோணத்தில் இருக்கிறது.

இரண்டாம் பணிக்குப் பனையோலைப் பெட்டி ஒன்று வேண்டும். வீட்டில் இல்லையென்றால் சந்தையில் கிடைக்கும். இங்கே கற்க வேண்டியது, மீண்டும் மீண்டும் வரும் கோலத்தின் மிகச் சிறிய துண்டு எது என்பது. ஓலை ஒன்று விட்டு ஒன்று மேலும் கீழுமாகப் போகும் எளிய பின்னலில் இரண்டுக்கு இரண்டு என நான்கு கட்டங்கள் போதும். இரண்டின் மேலும் இரண்டின் கீழுமாகப் போய், வரிசைக்கு ஒரு கட்டம் நகரும் சாய்வுப் பின்னலில் நான்குக்கு நான்கு என 16 கட்டங்கள் வேண்டும். முதலில் கட்டம் போட்ட தாளில் இதைக் கண்டுபிடியுங்கள். கட்டத்துக்கு 64 பிக்சல் என்று வைத்தால் சாய்வுப் பின்னலின் துண்டு 256க்கு 256 பிக்சல் ஆகும். கிரிட்டாவில் டபிள்யூ விசையை அழுத்தினால் தாள் நாலாபுறமும் தன்னையே தொடர்ந்து காட்டும். இடது விளிம்பில் வழிந்த கோடு வலது விளிம்பில் வந்து சேர்வதை அப்போதே பார்க்கலாம். ஓலையின் நரம்பு, சாயம் ஏறாமல் வெளுத்த இடம் ஆகியவற்றைத் தனி அடுக்கில் (லேயர்) வரையுங்கள். ஆனால் கண்ணில் படும்படியான கறை ஒன்றைத் துண்டுக்குள் வைத்துவிட்டால், அது நூறு முறை திரும்பி வந்து, பெட்டியை அம்மை போட்டதுபோல் ஆக்கிவிடும்.

மூன்றாம் பணி, நாட்டுப்படகு ஒன்றின் பக்கத் தோற்றத்தை இங்க்ஸ்கேப்பில் கோட்டு வடிவமாக வரைவது. முன்பக்க அணியத்திலிருந்து பின்பக்க அமரம் வரை ஓடும் வளைவை எத்தனை குறைந்த புள்ளிகளில் பிடிக்கிறீர்கள் என்பதுதான் இங்கே மதிப்பெண். புதியவர்கள் வளைவு நெடுகிலும் புள்ளி வைத்துக்கொண்டே போவார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட புள்ளிகளோடு வந்த படகின் விளிம்பு கடித்துவைத்த தோசைபோல் இருக்கும். திருப்பம் நிகழும் இடத்திலும் வளைவின் உச்சியிலும் மட்டும் புள்ளி வைத்து, அதன் இருபுறக் கைப்பிடிகளை இழுத்து வளைவை உண்டாக்கினால், எட்டு அல்லது பத்துப் புள்ளிகளில் படகின் உடல் முழுவதும் அடங்கிவிடும். படத்தைக் கொடுத்தால் தானே கோடு எடுத்துத் தரும் கட்டளையை இந்தப் பணியில் பயன்படுத்தக் கூடாது.

இந்த வளைவுகளுக்குப் பெசியே வளைவுகள் என்று பெயர். ரெனோ நிறுவனத்தின் பொறியாளர் பியேர் பெசியே, 1960களில் கார்களின் உடலை வடிவமைக்க இவற்றைப் பயன்படுத்தினார். ஆனால் நாலைந்து இடங்களில் பிடித்துக்கொண்டு மற்றதைத் தானே வளையவிடும் எண்ணம் அதைவிடப் பழையது. கப்பல் கட்டுவோர் மெல்லிய மரப்பட்டையை ஈயக்கட்டிகளால் ஆங்காங்கே அழுத்திவைத்து, அது இயல்பாக வளையும் வழியே கோடு இழுத்தார்கள். படகுக்குப் பலகை வளைக்கும் ஆசாரியை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வந்த மாணவர்களுக்கு, கைப்பிடி எதற்கு என்று நான் விளக்க வேண்டியிருப்பதில்லை. கரையில் படம் எடுக்கும்போது ஆட்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள். படகின் பதிவு எண்ணை இறுதி வரைவில் சேர்க்காதீர்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருப்பதால் டிரோன் எண்ணத்தை அறவே மறந்துவிடுங்கள்.

நான்காம் பணியில்தான் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், நானும் தடுமாறியிருக்கிறேன். கருவாட்டுக் கடை ஒன்றுக்கு 6 அடிக்கு 4 அடியில் விலைப்பலகை செய்ய வேண்டும். எழுத்து முழுவதும் தமிழில் இருக்க வேண்டும். முதலில் கடைக்குப் போய் நின்று, வாங்க வருபவர் எத்தனை அடி தொலைவிலிருந்து பலகையைப் படிக்கிறார், எந்தப் பெயரை முதலில் தேடுகிறார் என்று பாருங்கள். நெத்திலி, வாளை, சீலா என்று பெயர்களை அடுக்கி, எதிரே விலையையும் அச்சிட்டுக் கொடுத்த ஒரு மாணவரின் பலகை மிக அழகாக இருந்தது. அடுத்த வாரம் போனால் கடைக்காரம்மா விலைகளின்மேல் வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டியிருந்தார். கருவாட்டின் விலை நாள்தோறும் மாறும். அன்றிலிருந்து, விலைக்கான இடத்தில் எழுதி அழிக்கக் கூடிய வெற்றுக் கட்டத்தை விடச் சொல்கிறேன்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான் போன்ற கட்டற்ற எழுத்துருக்கள் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னதன் பெயர் நம் கட்டுமரம்தான், ஆங்கிலம் போய்த் திரும்பி வந்திருக்கிறது. ஒரு பலகைக்கு ஓர் எழுத்துரு, இரண்டு தடிப்பு போதும். வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதுபோல் வைக்கக் கூடாது. மேல் வரியில் ‘ழு’, ‘ஞ’ போன்ற கீழிறங்கும் எழுத்தும், அதற்கு நேர் கீழே ‘தி’, ‘க்’ போன்ற தலையில் விசிறியோ புள்ளியோ உள்ள எழுத்தும் வந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். எழுத்தளவைப் போல் ஒன்றரை மடங்கில் தொடங்கி, கண்ணுக்குச் சரியாகப் படும்வரை குறைத்துக்கொண்டு வாருங்கள். வார்த்தை நீளமாக இருக்கிறது என்று எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்காதீர்கள். ‘ண’வின் சுழிகள் மூடிக்கொண்டு, தொலைவிலிருந்து ‘ன’வாகத் தெரியும்.

அச்சுக்குக் கொடுக்கும்போது மற்றோர் ஆபத்து உண்டு. யூனிகோடில் ‘நெ’ என்பது ‘ந’ முதலிலும் கொம்பு பின்னாலுமாகவே சேமிக்கப்படுகிறது; திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் எழுத்து அமைப்புப் பொறியின் வேலை. அந்த வசதி இல்லாத பழைய பதிப்பிலோ, அது முடுக்கிவிடப்படாத நிலையிலோ கோப்பைத் திறந்தால் எழுத்து குலைந்துவிடும். நான் அனுப்பிய ஒரு கோப்பு ஒரு பிளக்ஸ் கடையில் அப்படித்தான் திறக்கப்பட்டு, ‘நெத்திலி’யின் கொம்பு ‘ந’வைத் தாண்டிப் போய்த் ‘த’வோடு ஒட்டிக்கொண்டது, ஆறடி அகலத்துக்கு அச்சாகி, ஓரத்தில் கண்ணியும் அடித்துக் கொடுத்த பிறகுதான் கவனித்தோம். பிளக்ஸ் கடைகளில் இன்னமும் பழைய குறியாக்க எழுத்துருக்கள் புழங்குகின்றன. அவற்றோடு யூனிகோடு எழுத்து ஒத்துப்போகாது. ஆகவே வேலை முடிந்ததும் கோப்பை இரண்டாகப் படியெடுத்து, ஒன்றைத் திருத்தக் கூடிய எழுத்தாகவே உங்களிடம் வைத்துக்கொண்டு, மற்றதில் எழுத்து அனைத்தையும் இங்க்ஸ்கேப்பின் பாதைப் பட்டியலில் உள்ள கட்டளையால் வடிவமாக மாற்றி, அதைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். வடிவமான எழுத்தை எந்தக் கணினியும் குலைக்காது. கையில் வைத்துப் படிக்கும் ஏ4 தாளுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி, அதாவது 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். பத்தடி தள்ளிப் பார்க்கும் 6க்கு 4 அடிப் பலகையில் ஒளிப்படம் ஏதேனும் வைத்தால் அங்குலத்துக்கு 72 புள்ளி, அதாவது 5184க்கு 3456 பிக்சலே போதும். திரையின் பளிச்சென்ற பச்சையும் நீலமும் மையில் மங்கும் என்பதால், முதலில் ஒரு சிறு துண்டை அச்சிட்டு வெயிலில் வைத்துப் பாருங்கள்.

ஐந்தாம் பணி அசைவு. இதற்குப் பாம்பனைவிட நல்ல பாடப்பொருள் எனக்குக் கிடைக்கவில்லை. 1914இல் திறக்கப்பட்ட பழைய இரயில் பாலத்தின் நடுப்பகுதி இரண்டு பாதிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் அடிப்புறத்து வளைந்த பகுதியின்மேல் உருண்டு, பின்வாங்கியபடியே மேலெழுந்து வந்தது. அது ஷெர்சர் வகைத் தூக்குப்பாலம். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு, சாயாமல் திரும்பாமல் நேர்மேலாக 17 மீட்டர் வரை உயரும். ஆகவே புதிய பாலத்தை அசைக்க மேல்நோக்கிய இடமாற்றம் ஒன்று போதும். பழையதை அசைக்க ஒரே சட்டகத்தில் (ஃபிரேம்) சுழற்சியும் இடமாற்றமும் சேர்ந்து வர வேண்டும். பழையதை வெறுமனே ஓர் ஆணியில் மாட்டிய கதவுபோல் சுழற்றினால் அது பாம்பன் பாலமாக இராது, வேறெங்கோ உள்ள பாலமாகிவிடும்.

எளியதிலிருந்து தொடங்குங்கள். 1920க்கு 1080 பிக்சல் தாளில் மீட்டருக்கு 20 பிக்சல் என்று அளவு வைத்தால், நடுத்துண்டு 1450 பிக்சல் நீளமும், ஏற வேண்டிய உயரம் 340 பிக்சலும் ஆகும். இரு கோபுரங்கள் ஓர் அடுக்கிலும், நடுத்துண்டு ஓர் அடுக்கிலும், கடலும் வானமும் இன்னோர் அடுக்கிலும் இருக்கட்டும். பத்துப் படிகளில் மேலே கொண்டுபோவதாகக் கொண்டு, படிக்கு 34 பிக்சல் என்று சமமாகப் பங்கிட்டுப் பாருங்கள். கனமான எஃகு ஏறுவதாகத் தோன்றாது, தாளை யாரோ இழுப்பதுபோல் இருக்கும். அதையே 10, 20, 35, 50, 55, 55, 50, 35, 20, 10 என்று மாற்றுங்கள். கூட்டினால் அதே 340தான். ஆனால் மெல்லக் கிளம்பி, நடுவில் விரைந்து, மெல்ல நிற்கும்போது அதற்கு எடை வந்துவிடுகிறது. நொடிக்கு 12 சட்டகம் என்று ஓடவிட்டு, மேலே போய்ச் சேர்ந்ததும் படகு ஒன்று கடந்துபோகும் வரை அப்படியே நிறுத்துங்கள். அந்தப் படகு மூன்றாம் பணியில் நீங்கள் வரைந்ததாகவே இருக்கலாம். ஜிஃப் என்னும் அசைபடக் கோப்பு வடிவில் 256 நிறங்களுக்கு மேல் இடமில்லை. முதல் பணியின் பத்து நிறங்களிலேயே வேலை செய்தவர்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியாது.

ஒப்படைக்கும்போது முடிந்த படத்தை மட்டும் கொடுக்காமல், பென்சில் வரைவையும், அடுக்குகள் கலையாத மூலக் கோப்பையும், இடையில் சேமித்த இரண்டு நிலைகளையும் சேர்த்துக் கொடுங்கள். ஜேபெக் கோப்பை ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் தரம் குறையும் என்பதால் அதை வேலைக் கோப்பாக வைத்துக்கொள்ளாதீர்கள். அடுக்குகளுக்கு ‘அணியம்’, ‘கோபுரம் இடது’ என்று பெயர் வையுங்கள். மின்தடை சொல்லிவிட்டு வருவதில்லை. தானாகச் சேமிக்கும் இடைவெளியை ஐந்து நிமிடத்துக்குக் குறைத்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். விலைப்பலகைக்கு மட்டும் மதிப்பெண் போடுவதற்கு முன் நான் ஒரு நாள் காத்திருப்பேன். அதைக் கடையில் மாட்டிவிட்டு, சாலையின் எதிர்ப்புறத்தில் நின்று யாராவது வாய்விட்டுப் படிக்கக் கேட்ட பிறகுதான் குறிப்பேட்டைத் திறப்பேன்.