ட்யூப் ஆம்ப் கிட் வாங்கியாச்சா? ஸ்விட்ச் போடுறதுக்கு முன்னாடி இதை படிச்சிடுங்க

கிட்டார் வாசிக்கறவங்க ஒரு கட்டத்துல எப்படியும் ட்யூப் ஆம்ப் பக்கம் வந்துடுவாங்க, விலையை பார்த்துட்டு ரெண்டு நாள் சோகமா திரிவாங்க, அப்புறம் "கிட் வாங்கி நாமளே பண்ணா என்ன"னு ஆரம்பிப்பாங்க. நானும் அப்படித்தான். எடுத்தது 5எஃப்1 சர்க்யூட், அதாவது ஃபெண்டர் கம்பெனி 1950கள்ல விட்ட சேம்ப் ஆம்ப். மொத்தமே மூணு வால்வ் தான் (ட்யூபும் வால்வும் ஒண்ணு தான்), கிட்டார் சிக்னலை முதல்ல பெருசாக்கற ப்ரீஆம்புக்கு ஒரு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை ஓட்டற பவருக்கு ஒரு 6வி6, ஏசியை டிசி ஆக்கற ரெக்டிஃபையரா ஒரு 5ஒய்3. ரெசிஸ்டர் ஒரு டஜன் சொச்சம். 5 வாட்ஸ், ஆனா அந்த 5 வாட்ஸே பக்கத்து வீட்டுக்காரரை கதவு தட்ட வெச்சிடும். முதல் கிட்டுக்கு இதை விட சின்ன சர்க்யூட் தேடாதீங்க, பெருசும் எடுக்காதீங்க.

புதுசா பண்றவங்க எல்லாரும் பயப்படறது சால்டரிங்குக்கு. சால்டரிங் சொதப்பினா பெரும்பாலும் சத்தம் வராது இல்லன்னா கரகரன்னு வரும், மறுபடி சூடு வெச்சு சரி பண்ணிக்கலாம். காசு போறதும் உயிருக்கு ஆபத்து வர்றதும் வேற இடத்துல, பிளக் பக்கத்துல, அப்புறம் "எல்லாம் முடிஞ்சுது ஒரு தடவை போட்டு பார்த்துடுவோமே"ங்கற அந்த கடைசி அரை மணி நேரத்துல.

முதல்ல பவர் டிரான்ஸ்ஃபார்மர். இந்த டிசைன் எல்லாம் அமெரிக்காவுல பொறந்தது, அங்க 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ். நம்ம ஊர் 230, 50. பிரைமரி, அதாவது கரண்ட் உள்ள போற சுருள், வெறும் 120 வோல்ட்டுக்கு மட்டும் இருக்கற டிரான்ஸ்ஃபார்மரை நம்ம பிளக்ல சொருகினா ஃபியூஸ் முந்திக்கணும்னு சாமிய வேண்டிக்க வேண்டியது தான். நல்ல கிட்டுல 120, 220, 240னு தனித்தனி ஒயர் (டேப்) வெளிய வரும், அதுல எதை எடுக்கறதுன்னு உங்க வீட்டு கரண்டை மீட்டர் வெச்சு அளந்துட்டு முடிவு பண்ணுங்க. எங்க வீட்ல ராத்திரி 245 வரைக்கும் போகும். 220 டேப்புல அதை கொடுத்தா 6.3 வோல்ட் வர வேண்டிய ஹீட்டருக்கு (வால்வை உள்ள இருந்து சூடாக்கற இழை) 7 வோல்ட் வரும், வால்வ் தாங்கற 10 சதவீத எல்லையை தாண்டிடுது. டேப்பை 240க்கு மாத்திட்டேன், யூஸ் பண்ணாத ஒயர் நுனிய ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடிட்டேன், அப்படியே தொங்க விட்றாதீங்க. ஃபியூஸும் அப்படித்தான், அந்த ஊர்ல 1 ஆம்பியர்னு போட்டிருந்தா இங்க அதுல பாதி, 500 மில்லிஆம்பியர் ஸ்லோ ப்ளோ (ஆன் பண்ற நொடில வர்ற இழுப்புக்கே எரிஞ்சிடாத டைப்). லைவ் ஒயரை ஃபியூஸ் ஹோல்டரோட உள்முனைக்கு கொடுங்க, அப்ப தான் மூடிய கழட்டும்போது விரல் படற இடத்துல கரண்ட் இருக்காது.

எர்த் விஷயத்துல மட்டும் நான் கொஞ்சம் கோவக்காரன். மூணாவது பின்னை வெட்டிட்டு, ரெண்டு பின் அடாப்டர் போட்டு, "எங்க வீட்ல எர்த்தே இல்ல பாஸ்"னு சொல்றவங்கள எனக்கே தெரியும். கிட்டார் கம்பி கேபிள் வழியா ஆம்ப் சேஸிஸோட, அதாவது எல்லாத்தையும் தாங்கற உலோகப் பெட்டியோட தான் சேர்ந்திருக்கு. சேஸிஸ்ல கரண்ட் வந்தா அது நேரா உங்க விரலுக்கு வரும். எலக்ட்ரீஷியனை கூப்பிட்டு முதல்ல எர்த்தை சரி பண்ணுங்க, அப்புறம் கிட் ஆர்டர் போடுங்க. எர்த் ஒயருக்குன்னு தனி போல்ட் போடணும், டிரான்ஸ்ஃபார்மரை பிடிச்சிருக்கற போல்ட்லயே மாட்டக்கூடாது, அந்த இடத்துல பெயிண்ட் இருந்தா சுரண்டி பளபளன்னு ஆக்கிட்டு மாட்டுங்க. பழைய லேஅவுட் படத்துல மெயின்ஸ்ல இருந்து சேஸிஸுக்கு ஒரு கெபாசிடர் போட்டிருப்பாங்க பாருங்க, அதுக்கு டெத் கேப்னே பேர், அதை போடவே போடாதீங்க.

ரெசிஸ்டரை கலர் பார்த்து மட்டும் போடாதீங்க. பிரவுன் பிளாக் யெல்லோன்னா 100கே, பிரவுன் பிளாக் கிரீன்னா 1 மெகா, ராத்திரி மஞ்சள் லைட்ல ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒவ்வொண்ணையும் மீட்டர்ல வெச்சு பார்த்துட்டு பேப்பர்ல குத்தி பேர் எழுதி வைங்க, கால் மணி நேர வேலை. சேஸிஸ்ல கிரவுண்ட் சால்டர் பண்ண 25 வாட் அயர்ன் பத்தாது, அவ்ளோ பெரிய தகடு சூட்டை எல்லாம் குடிச்சிடும், 60 வாட் வேணும்.

இப்ப நான் வழுக்கி விழுந்த இடம். வால்வ் சாக்கெட்டோட பின் நம்பரை அடிப்பக்கத்துல இருந்து பார்த்து, சாவி வெட்டுல (நடு ஓட்டையில இருக்கற காடி) ஆரம்பிச்சு கடிகாரம் சுத்தற மாதிரி எண்ணனும். நான் 5ஒய்3க்கு சரியா எண்ணிட்டு, காபி குடிச்சிட்டு வந்து 6வி6ஐ மட்டும் மேல இருந்து பார்த்த மாதிரி எண்ணிட்டேன். கண்ணாடில பார்த்த மாதிரி எல்லாம் திரும்பிடும், 1க்கு 8, 2க்கு 7, 3க்கு 6, 4க்கு 5. இதுல கொடுமை என்னன்னா 6வி6ல ஹீட்டர் 2லயும் 7லயும் தான், ரெண்டும் இடம் மாறினாலும் ஹீட்டர் அழகா எரியும்! ஆஹா வால்வ் எரியுதுன்னு நான் போட்டோ எல்லாம் எடுத்துட்டேன். சத்தம் மட்டும் வரல. ஏன்னா பிளேட் (கரண்ட் வந்து சேர்ற முனை) ஒயர் காலியா இருக்கற 6ல, கேத்தோடு (கரண்ட் கிளம்பற முனை) ஒயர் காலியா இருக்கற 1ல, சிக்னல் வர வேண்டிய கண்ட்ரோல் கிரிட்ல போய் ஹை வோல்டேஜ் உக்காந்திருக்கு.

அதோட நிக்கல. பிரச்சனை ப்ரீஆம்ப்லயோன்னு 12ஏஎக்ஸ்7ஐ கழட்டிட்டு ஒரு தடவை ஆன் பண்ணி ஆஃப் பண்ணேன், பிளக்கை உருவிட்டேன், சாப்பிட போயிட்டு வந்து சும்மா ஒரு பழக்கத்துக்கு ஹை வோல்டேஜை சீராக்கற ஃபில்டர் கெபாசிடர்ல மீட்டர் வெச்சா 300 வோல்ட்டுக்கு மேல காட்டுது. பிளக் என் கைல இருக்கு! நல்லா ஓடற ஆம்பை ஆஃப் பண்ணா வால்வ் சூடு இருக்கற வரைக்கும் கரண்ட் இழுத்துட்டே இருக்கும், கெபாசிடர் பெரும்பாலும் தானா காலியாயிடும், அதனால நமக்கு "ஆஃப் பண்ணா சேஃப்"னு ஒரு தப்பான நம்பிக்கை வந்துடுது. ரிப்பேர் ஆன ஆம்ப்ல இழுக்க ஆள் இல்ல, அந்த சர்க்யூட்ல சார்ஜை தானா வடிக்கற ப்ளீடர் ரெசிஸ்டரும் கிடையாது, சார்ஜ் அப்படியே நிக்கும். நாம கைய விடறது எப்பவும் ரிப்பேர் ஆன ஆம்ப்ல தானே. 10கே 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணுல ரெண்டு பக்கமும் ஒயர் வெச்சு முதலை கிளிப் போட்டு இன்சுலேட் பண்ணி வெச்சுக்குங்க, ஒரு கிளிப் சேஸிஸ்ல, இன்னொண்ணு கெபாசிடர் பிளஸ்ல, சில வினாடி விட்டுட்டு மீட்டர்ல ஜீரோ பார்த்துட்டு தான் கை. ஸ்க்ரூட்ரைவர் வெச்சு டப்புன்னு ஷார்ட் பண்றது ஹீரோயிசம் இல்ல, கெபாசிடருக்கும் கேடு கண்ணுக்கும் கேடு.

இன்னொண்ணு, 6வி6 இல்லாம ரெக்டிஃபையரை மட்டும் போட்டு டெஸ்ட் பண்றப்ப அதை ரொம்ப நேரம் ஓட விடாதீங்க. 325-0-325 டிரான்ஸ்ஃபார்மர்ல (நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் 325 வோல்ட் ஏசி) லோடு இல்லன்னா வோல்டேஜ் 460 வரைக்கும் ஏறும், கிட்டுல கொடுத்த கெபாசிடர்ல 450னு எழுதியிருந்தா கணக்கு நீங்களே போட்டுக்குங்க. நான் 500 வோல்ட் கெபாசிடரா மாத்திட்டேன்.

முதல் தடவை ஆன் பண்றப்ப சீரிஸ் போர்டு இல்லாம பண்ணவே பண்ணாதீங்க. நம்ம ஊர் ரேடியோ மெக்கானிக் கடைல எல்லாம் இருக்குமே, ஒரு ஹோல்டர் ஒரு சாக்கெட், பல்ப் வழியா தான் கரண்ட் போகும். பழைய குண்டு பல்ப் தான் வேணும், 60 வாட், எல்இடி பல்ப் இதுக்கு ஆகாது. ஆன் பண்ணதும் பளிச்சுன்னு ஒரு மின்னல், அப்புறம் மங்கினா நல்லது, வால்வ் சூடாக சூடாக கொஞ்சம் எரியும், பரவால்ல. முழுசா எரிஞ்சுட்டே நின்னா உள்ள ஷார்ட், உடனே ஆஃப். பல்ப் இருக்கறப்ப வோல்டேஜ் எல்லாம் கம்மியா தான் காட்டும், அதை பார்த்து பயப்படாதீங்க. பல்ப்பை எடுத்துட்டு நேரா போட்டதுக்கு அப்புறம் 6வி6ல 8வது பின்ல (கேத்தோடு) 20 வோல்ட் கிட்ட வந்தா, அங்க இருக்கற 470 ஓம் ரெசிஸ்டர்ல 42 மில்லிஆம்பியர் ஓடுதுன்னு அர்த்தம், ஆரோக்கியமா இருக்கு. அளக்கறப்ப கருப்பு ப்ரோபை சேஸிஸ்ல கிளிப் பண்ணிட்டு ஒரு கை பாக்கெட்ல. ஸ்பீக்கர் மாட்டாம மட்டும் ஆன் பண்ணி வாசிச்சிடாதீங்க, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளயே ஸ்பார்க் அடிச்சு போயிடும், கிட்டுலயே விலை கூடுன பொருள்ல அதுவும் ஒண்ணு.

சாக்கெட்டை மாத்தி ஒயர் பண்ணதும் ஆம்ப் பேச ஆரம்பிச்சது, பேசலங்க, ஊளையிட்டுது. வால்யூமை தொடக்கூட இல்ல, கீச்சுனு ஒரே சத்தம். மூணு நாள். வால்வ் மாத்தினேன், ஒயரை எல்லாம் தள்ளி தள்ளி வெச்சேன், கிரவுண்டை மறுபடி சால்டர் பண்ணேன். கடைசில பார்த்தா ஸ்பீக்கர் பக்கத்துல இருந்து 22கே ரெசிஸ்டர் வழியா ஒரு ஒயர் 12ஏஎக்ஸ்7க்கு திரும்ப போகுதில்ல, அது நெகட்டிவ் ஃபீட்பேக். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் ஒயர் ரெண்டும் தலைகீழா இருந்தா அது பாசிட்டிவ் ஃபீட்பேக் ஆகி ஆம்ப் தானே கத்தும். ஸ்பீக்கர் பக்க ஒயர் ரெண்டையும் இடம் மாத்தினேன், ரெண்டு நிமிஷம், கப்சிப். மூணு வால்வ் வெச்ச ஆம்ப்ல ட்யூப்லைட் நான் தான்னு அன்னிக்கு தெரிஞ்சது. நீங்க ஊளை கேட்டா அந்த 22கேல ஒரு காலை மட்டும் கழட்டி பாருங்க, சத்தம் நின்னா இதே கதை தான்.

ஹம், அதாவது ம்ம்ம்னு ஒரு அடி சத்தம், கொஞ்சம் இருக்கும், இந்த சர்க்யூட்டோட குணம் அது. ஹீட்டர் ஒயரை ஜடை பின்ற மாதிரி இறுக்கி முறுக்கி சேஸிஸ் ஓரமா கொண்டு போனா, ரெண்டு 100 ஓம் ரெசிஸ்டர்ல ஹீட்டருக்கு நடு கிரவுண்ட் கொடுத்தா (டிரான்ஸ்ஃபார்மர்லயே நடு டேப் இருந்தா வேணாம்) பாதி அடங்கிடும். ஆனா ஹம் வேற, பஸ் (buzz) வேற. எனக்கு ஜிர்ர்னு ஒரு பஸ் மட்டும் போகவே இல்ல, ரெண்டு தடவை ஆம்பை பிரிச்சு மாட்டினேன், மூணாவது தடவை பிரிக்கறதுக்குள்ள கரண்ட் போய் வந்துச்சு, வந்தப்ப பஸ் இல்ல, ஏன்னா நடுவுல அம்மா ஃபேன் ஸ்விட்சை ஆஃப் பண்ணியிருந்தாங்க. திருகற மாதிரி இருக்கற பழைய எலக்ட்ரானிக் ரெகுலேட்டர், அதோட சத்தத்தை கிட்டாரோட சிங்கிள் காயில் பிக்கப் (கம்பி அதிர்வை சிக்னலாக்கற ஒத்தை சுருள்) தான் பிடிச்சு ஆம்புக்கு கொடுத்திருக்கு. இப்ப ரெகுலேட்டரை படிபடியா இருக்கற கெபாசிடர் டைப்புக்கு மாத்தியாச்சு, எலக்ட்ரிக்கல் கடைல எதுக்குன்னு கேட்டாரு, கிட்டாருக்குன்னேன், ஒரு மாதிரி பார்த்தாரு.