பழைய பி.எம்.டபிள்யூ ஆர் 60/2-ஐ மீட்டெடுப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பழைய ஜெர்மன் பைக் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கை துறுதுறுவென்று இருக்கும். உடனே கழற்றத் தோன்றும், துருவைச் சுரண்டத் தோன்றும், பெயின்ட் அடிக்கத் தோன்றும். ஒரு வாரம் பொறுங்கள். அந்த வண்டி என்ன சுமந்தது, யார் யார் கை வைத்தார்கள் என்பதெல்லாம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. துடைத்து அழிப்பதற்கு முன் அதைப் படித்துவிட வேண்டும்.

உதாரணத்துக்கு நான் மீட்டெடுத்த ஆர் 60/2-ஐயே எடுத்துக்கொள்கிறேன். 1960 முதல் 1969 வரை மியூனிக்கில் செய்த வண்டி. 594 சி.சி., இரண்டு பக்கமும் படுத்தவாக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் சிலிண்டர்கள், 30 குதிரைத்திறன், பின்சக்கரத்தைச் சுழற்ற செயினுக்குப் பதில் ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டு. உதிரிபாகங்கள் இன்றும் கிடைப்பதால் புதியவர்களுக்கு நல்ல தொடக்கம். பட்ஜெட் இடிக்கிறது என்றால் நம் ஊரிலேயே ஒரு வழி இருக்கிறது. எண்பதுகளில் வந்த என்ஃபீல்டு எக்ஸ்ப்ளோரரும் சில்வர் பிளஸ்ஸும் ஜெர்மனியின் சுண்டாப் நிறுவனத் தொழில்நுட்பத்தில் உருவானவை. அவற்றில் கை பழகலாம்.

படி 1: எண்களைப் பாருங்கள்

இந்த மாடலில் சட்டத்தின் (ஃப்ரேம்) எண்ணும் என்ஜின் எண்ணும் ஒன்றாகவே தொழிற்சாலையிலிருந்து வந்தன. இரண்டும் வேறாக இருந்தால் என்ஜின் மாறியிருக்கிறது, விலையைக் குறைத்துப் பேசுங்கள். எண் இருக்கும் இடம் ராவிய மாதிரித் தெரிந்தால் வாங்கவே வேண்டாம். பி.எம்.டபிள்யூ ஆவணக் காப்பகத்துக்கு எண்ணை எழுதி அனுப்பினால் வண்டி தயாரான தேதியைச் சொல்வார்கள்.

படி 2: வண்டியின் கதையைப் படியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். பின்சக்கரத்தின் கியர் பெட்டியில் பல் விகிதம் பொறித்திருக்கும். 25/8 என்றால் தனியாக ஓடிய வண்டி, 27/7 என்றால் சைட்கார் (பக்கவாட்டில் மாட்டும் ஒற்றைச் சக்கரப் பெட்டி) இழுத்த வண்டி. அடுத்து முன்ஃபோர்க்கைப் பாருங்கள். இதில் வழக்கமான டெலஸ்கோபிக் ஃபோர்க் கிடையாது, ஏர்ல்ஸ் ஃபோர்க் என்ற ஊசலாடும் அமைப்பு. அதன் அச்சைப் பொருத்த இரண்டு துளைகள் உண்டு. முன்துளை சைட்காருக்கு, பின்துளை தனி ஓட்டத்துக்கு.

என் வண்டியில் 27/7 இருந்தது, அச்சு முன்துளையில் இருந்தது, சட்டத்தின் வலப்பக்கத்தில் கொக்கி மாட்டும் இடத்தில் பெயின்ட் தேய்ந்து இரும்பு தெரிந்தது. விற்றவர் சைட்கார் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஆனால் வண்டி சொல்லிவிட்டது. சுமை இழுத்த வண்டி என்பதால் கிளட்சையும் பின்சக்கரப் பல்வரிசையையும் முதலில் சோதித்தேன். பற்கள் ஊசிபோலக் கூர்ந்திருந்தால் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். என்னுடையவை கூர்ந்துதான் இருந்தன.

சைட்கார் இல்லாமல் ஓட்டப்போகிறீர்கள் என்றால் அச்சைக் கட்டாயம் பின்துளைக்கு மாற்றுங்கள். முன்துளையில் விட்டுவிட்டால் வேகத்தில் நேராக நிற்காது.

நிறத்துக்கு, டேங்க்கின் பக்கவாட்டில் உள்ள முழங்கால் ரப்பரைக் கழற்றுங்கள். வெயில் படாத அசல் பெயின்ட் அதற்கடியில் இருக்கும். அதை ஃபோட்டோ எடுத்து, வெள்ளைக் கோடுகளின் அகலத்தையும் அளந்து குறித்துவையுங்கள். அந்தக் கோடுகள் கையால் இழுத்தவை. ஸ்டிக்கர் ஒட்டினால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

படி 3: கழற்றுங்கள்

ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பை, பைக்கு ஒரு சீட்டு, கழற்றும் முன் ஒரு ஃபோட்டோ. அவ்வளவுதான்.

படி 4: என்ஜின், முக்கியமாக எண்ணெய்த் தட்டுகள்

இந்த என்ஜினில் ஆயில் ஃபில்டர் கிடையாது, அடியில் ஒரு வலை மட்டும். அதற்குப் பதிலாக கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இரு பக்கமும் இரண்டு இரும்புத் தட்டுகள் சுழல்கின்றன. சுழற்சியில் அழுக்கு வெளிப்பக்கம் ஒதுங்கி அவற்றின் விளிம்பில் படியும். வருடக்கணக்கில் அது நிரம்பிவிடும். நிரம்பினால், பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்குக்கு எண்ணெய் போகும் வழி அடைபடும், பேரிங் காய்ந்து கிராங்க் போய்விடும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது, வண்டி நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் சுமார் 50,000 கி.மீ. ஓடியிருந்தாலோ, யார் எப்போது சுத்தம் செய்தார்கள் என்று தெரியாவிட்டாலோ, திறந்தே ஆக வேண்டும். என்ஜினின் வெளிக்கூட்டைச் சூடாக்கித்தான் கிராங்கை எடுக்க முடியும். முதல்முறை என்றால் அனுபவமுள்ளவரிடம் கொடுத்து, பக்கத்தில் நின்று பாருங்கள். என் வண்டியின் தட்டிலிருந்து வந்தது கருத்த களிமண் மாதிரி இருந்தது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திக் குத்தித்தான் எடுத்தோம். ஆயில் போகும் துளையில் ஒரு ஓரம் மட்டுமே திறந்திருந்தது. அன்றைக்கு எனக்கு வயிறு கலங்கியது.

படி 5: மின்சாரம்

6 வோல்ட். அவசரப்பட்டு 12-க்கு மாற்றாதீர்கள். என்ஜின் சுழலும்போது தானே மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோ இருப்பதால் பேட்டரி இல்லாமலும் பொறி வரும். குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, சூடானதும் நின்றால் மேக்னெட்டோ காயிலைச் சந்தேகப்படுங்கள்.

படி 6: துணைப் பொருட்கள்

நியூரெம்பெர்க்கின் ஸ்டைப் சைட்கார்கள், ஹேண்டில்பார் நுனியில் மாட்டும் ஹெல்லா இண்டிகேட்டர்கள் (ஜெர்மானியர்கள் இவற்றை 'காளைக் கண்' என்கிறார்கள்), பகூசா ரப்பர் சீட், டென்ஃபெல்டு சீட் எல்லாம் உதிரிபாகச் சந்தைகளில் கிடைக்கும். டூப்ளிகேட்டும் கலந்தே கிடைக்கும். அசல் டேங்க் சின்னம் எனாமலால் ஆனது, திருகாணியால் மாட்டியது. என் கருத்தில், விளிம்பு உடைந்த அசல் சின்னம் பளபளக்கும் போலியைவிட மேல். அதைப் புதுப்பிக்கவும் வேண்டாம்.

படி 7: முதல் உதை

என்ஜின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளி வையுங்கள்: இன்லெட் 0.15 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.20 மி.மீ. புது ஆயில் ஊற்றி, பிளக்கைக் கழற்றி, பலமுறை உதைத்து எண்ணெயை ஏற்றுங்கள். பிளக்கை மாட்டுங்கள். இரண்டு கார்புரேட்டரின் மேலுள்ள சிறு பொத்தானையும் பெட்ரோல் கசியும்வரை அழுத்துங்கள். அப்புறம் ஆணி போன்ற சாவியை ஹெட்லைட்டின் தலையில் செருகி அழுத்துங்கள், சிவப்பு விளக்கு எரியும். கிக்கர் இடப்பக்கம், வண்டியை விட்டு வெளிப்பக்கமாக விரியும். வண்டியின் பக்கத்தில் நின்று உதையுங்கள். என்னுடையது நான்காவது உதையில் பேசியது.