லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆகிவிட்டதா? கார் இன்சூரன்ஸை என்ன செய்வது

மச்சானுக்கு மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தி வைத்துவிட்டார்கள். வேளச்சேரி–தாம்பரம் சாலையில் போன் பேசிக்கொண்டே ஓட்டியதுதான் குற்றம். ஆர்டர் கைக்கு வந்ததும் அவர் என்னிடம் கேட்டது, "அப்போ இன்சூரன்ஸும் போச்சா மாப்ள?"

போகவில்லை. நம் ஊரில் பாலிசி காருக்குத்தான், ஓட்டுகிறவருக்கு இல்லை. லைசென்ஸ் முடங்கினாலும் பாலிசி அது முடிகிற தேதி வரை அப்படியே இருக்கும், பிரீமியமும் இதனால் ஏறாது. தேர்ட் பார்ட்டி, அதாவது உங்கள் காரால் அடிபடும் மற்றவர்களுக்கான காப்பு; அதன் பிரீமியம் அரசு நிர்ணயிப்பது, 1000 முதல் 1500 சிசி வரையிலான காருக்கு 2022 ஜூனில் வைத்தது 3,416 ரூபாய்; அதில் உங்கள் லைசென்ஸ் கதைக்கு இடமே இல்லை.

சிக்கல் நீங்கள் ஸ்டியரிங்கில் உட்காரும்போதுதான். பாலிசியை எடுத்து "டிரைவர்" என்ற பத்தியைப் பாருங்கள், பொடி எழுத்தில் இருக்கும்: யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், ஆனால் விபத்து நேரத்தில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும், லைசென்ஸ் வைத்திருக்கத் தகுதிநீக்கம் செய்யப்பட்டவராக இருக்கக் கூடாது. இந்த இரண்டாவது பாதி உங்களைப் பற்றியதுதான். "அட்டை கையில்தானே இருக்கிறது, 2034 வரை தேதி இருக்கிறதே" என்று மச்சானும் சொல்லிப் பார்த்தார். மோட்டார் வாகனச் சட்டம் 23ஆம் பிரிவுப்படி அந்தக் காலத்துக்கு அட்டை செல்லாது, அவ்வளவுதான்.

பால் வாங்க முடிச்சூர் ரோடு வரைக்கும்தானே என்று எடுத்து, யாரையாவது இடித்துவிட்டால் என்ன ஆகும்? உங்கள் கார் ரிப்பேருக்குக் கம்பெனி கையை விரித்துவிடும். அடிபட்டவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பாயம் கம்பெனிக்கு உத்தரவிடலாம், ஆனால் கொடுத்த பணத்தை அவர்கள் உங்களிடமிருந்தே வசூலிப்பார்கள். 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்த வழி இது. உயிரிழப்பு என்றால் தொகை பல லட்சம், வீட்டுப் பத்திரத்தைத் தேட வேண்டியிருக்கும். இதோடு 182ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. கார் மனைவி பெயரில் இருந்து, தெரிந்தே சாவியைக் கொடுத்தால் அவர் மேலும் 180ஆம் பிரிவு பாயும்.

சரி, காரைத் தொடவே போவதில்லை, அப்புறம் எதற்கு ரின்யூவல்? மச்சானுடைய பாலிசி நவம்பரில் முடிகிறது, இதையே யோசித்துக்கொண்டிருந்தார். வீடு எங்கே தெரியுமா, வரதராஜபுரம் பக்கம். 2015இல் அடையாறு அந்தத் தெருக்களுக்குள் எப்படி வந்தது என்று அங்கே யாரையும் கேட்கலாம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வேறு. நிறுத்தி வைத்த கார் தண்ணீரில் மூழ்கினாலோ திருட்டுப் போனாலோ யார் ஓட்டினார் என்ற கேள்வியே எழாது, உங்கள் கார் சேதத்தையும் சேர்த்துக் காக்கிற காம்ப்ரிஹென்சிவ் பாலிசி உயிரோடு இருந்தால் கிளெய்ம் கேட்கலாம். தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் இதில் ஒன்றும் தேறாது. (தண்ணீர் வடிந்ததும் சாவியைப் போட்டுத் திருகிப் பார்க்காதீர்கள். எஞ்சினுக்கென்று கூடுதலாக எடுக்கிற ஆட்-ஆன் காப்பு இல்லையென்றால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான்.) பாலிசி முடிந்து 90 நாளுக்கு மேல் விட்டால் கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காகச் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸும் போய்விடும், 50 சதவீதத் தள்ளுபடியைத் தூக்கிப் போட யாருக்கு மனசு வரும்? ஒரு நாள் தாண்டினாலும் காரை இன்ஸ்பெக்‌ஷன் செய்ய வேண்டும் என்பார்கள்.

ஆன்லைனில் ரின்யூ செய்யும்போது ஓர் இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும். உரிமையாளர் தானே ஓட்டும்போது விபத்தானால் கிடைக்கிற 15 லட்சம் ரூபாய் காப்பீடு தானாகவே டிக் ஆகி வரும். அதற்கு உங்களிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தாக வேண்டும். இல்லை என்பதுதான் உண்மை, அதையே சொல்லி எடுத்துவிடுங்கள். பொய்யாக 'ஆம்' போட்டுப் பணம் கட்டினால் கிளெய்ம் வரும்போது அந்தப் பொய்தான் முதலில் வெளியே வரும். லைசென்ஸ் திரும்பிய பிறகு அதைத் தனிப் பாலிசியாக எடுத்துக்கொள்ளலாம். மிச்சமாகும் பணத்தில் காரில் வருகிற எல்லோருக்குமான பயணி விபத்துக் காப்பைச் சேர்ப்பேன் நான்.

ஆக்டிங் டிரைவரை வைத்துக்கொள்வதில் தடை எதுவும் இல்லை. ஆனால் அவர் லைசென்ஸை வாங்கி, எம்-பரிவாகன் ஆப்பில் எண்ணைப் போட்டு அது நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு சாவியைக் கொடுங்கள், கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நிரந்தரமாக வைத்தால் சம்பள டிரைவருக்கான பொறுப்புக் காப்பையும் சேருங்கள், அதற்கு வருடத்துக்கு 50 ரூபாய்தான்.

ஆர்டரே தப்பு என்று தோன்றினால் கையில் கிடைத்த 30 நாளுக்குள் அப்பீல் போக வேண்டும், ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். மூன்று மாதம் முடிந்த மறுநாளே வண்டியை எடுக்கவும் வேண்டாம். புத்தாக்கப் பயிற்சி முடிக்க வேண்டுமா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டு, அட்டையை வாங்கி, உங்கள் எண்ணையும் அதே ஆப்பில் போட்டுப் பாருங்கள். மச்சான் அதில் 'ஆக்டிவ்' என்று வருகிற வரை 51ஆம் நம்பர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டுதான் ஆபீஸ் போனார்.